ஏசுபாதம் பட்டை

எங்கள் கல்லூரியில் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கல்லூரியில் கண்டுபிடிப்பா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நிர்வாகத்துக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதனால்தான் வாசல் வளைவிலேயே பெரிய எழுத்தில், 'ஏசுபாதம் பட்டை கண்டறியப்பட்ட வளாகம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, சர்க்கரை வியாதிக்குக் கேட்குமா என்று என்னிடம் விசாரித்தார். கேட்காது, ஆனால் தூக்கம் நன்றாக வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் வச்சலா. வேதியியல் துறையில் ஏசுபாதம் சாருக்கு அடுத்த அறை என்னுடையது. அவர் துறைத் தலைவர். அடுத்த அறையில் இருப்பதால் அவருடைய கண்டுபிடிப்பை நான் வேண்டிய அளவு கேட்டிருக்கிறேன், வேண்டாத அளவும் கேட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அகச்சிவப்பு ஒளியை அதன் வழியே செலுத்தினால், ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்குப் பொருந்துகிற ஒளியை மட்டும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடம் கணினித் திரையில் ஒரு பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்தைத்தான் நாங்கள் பட்டை என்போம். ஒரு மூலக்கூறின் கையைப் பக்கத்து மூலக்கூறு பிடித்துக்கொண்டால் அதிர்வு கொஞ்சம் தளர்ந்து, பட்டை சற்றே நகரும். நகர்ந்த தூரத்தை வைத்து, யார் யாரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஊர்வம்பு பேசுகிற வேலைதான், கருவிக்குத்தான் விலை அதிகம்.

ஏசுபாதம் சார் கிரசாலையும் ஒரு கீட்டோனையும் கலந்து பார்த்தார். கிரசால் என்பது ஆஸ்பத்திரித் தரையைக் கழுவுகிற ஃபினாயிலின் பங்காளி, அதே நாற்றம். கீட்டோன் என்பது நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் இனம். இந்த இரண்டையும் கலந்தால் இரண்டு பட்டைகள் வரும். ஒன்று கையைப் பிடிக்காத கீட்டோனுடையது, மற்றொன்று பிடித்த கீட்டோனுடையது. உலகத்துக்கே தெரிந்தது இது. சாருக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று வந்தது. சின்னப் பட்டைதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. இதுவரை யாரும் பார்க்காத ஒரு புதுவகைப் பிணைப்பு என்று அவர் எழுதினார். கட்டுரை வெளியானது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அவரிடம் ஆய்வு செய்த பிள்ளைகளெல்லாம் அந்த மூன்றாவது பட்டையை வைத்தே முனைவர் ஆனார்கள்.

வெளியூரில் ஒருவர் அதே கலவையைச் செய்துபார்த்து, மூன்றாவது பட்டை வரவில்லை என்று எழுதினார். சார் அசரவில்லை. "அவங்க ஊற வைக்கல" என்றார்.

ஊற வைப்பதுதான் சாருடைய முறை. கலந்த உடனே அளந்துவிடக் கூடாது. சின்னக் குப்பியில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, டெசிகேட்டருக்குள் ஓர் இரவு வைக்க வேண்டும். டெசிகேட்டர் என்பது கனமான கண்ணாடி ஜாடி. அடியில் ஈரத்தை உறிஞ்சுகிற நீல மணிகள், அதற்கு மேலே துளைபோட்ட பீங்கான் தட்டு, தட்டின்மேல் குப்பிகள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், கலவை கெட்டுவிடும், அதனால் ஜாடி. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பழக அவகாசம் வேண்டும், அதனால் இரவு. தோசை மாவு அரைத்தவுடனே சுட்டால் தோசை வருமா என்று கேட்பார். அதிக நேரம் ஊறினால் பட்டையும் பெரிதாக வந்தது. அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மழைக்காலத்தில் பட்டை ஓங்கி நிற்கும், கோடைக்கு அப்புறம் தேய்ந்துபோகும். இதற்கும் ஒரு கட்டுரை எழுதினார். வடகிழக்குப் பருவமழை மூலக்கூறுப் பிணைப்பில் ஏற்படுத்தும் தாக்கம் பற்றி. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் பட்டை என்னவோ மழையோடு வந்துகொண்டுதான் இருந்தது.

கருவியும் ஜாடியும் இருக்கிற சாரின் அறைக்குள் போவது கோயில் கருவறைக்குள் போவதைவிடக் கஷ்டம். செருப்பைக் கழற்ற வேண்டும். முகக்கவசம் போட வேண்டும், கொரோனாவுக்குப் பல வருஷம் முன்பிருந்தே. கருவியில் வைக்கிற தகடுகள் உப்பால் ஆனவை, மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே கரைந்துபோகும். வாசனைத் தைலம், பூ, ஊதுவத்தி எதுவும் கூடாது. ஒருமுறை நான் மல்லிகை வைத்துக்கொண்டு போனதற்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஆயுத பூஜையும் கூடாது. எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. பேருந்திலிருந்து பன்சன் பர்னர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்தால்தான் அந்த வருஷம் ஓடும். இந்தக் கருவி வந்த முதல் வருஷம், லேப் உதவியாளர் இருசப்பன் தட்டோடு வந்து நின்றபோது சார் வாசலை மறித்துக்கொண்டார். கற்பூரமும் ஒரு கீட்டோன், அதன் புகை உப்புத் தகட்டில் படிந்தால் எல்லாக் கணக்கும் பாழ் என்றார். அவர் கிறிஸ்தவர் என்பதால்தான் இப்படி என்று அலுவலகத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அது அநியாயம். அவர் தன் மனைவி செய்த கிறிஸ்துமஸ் கேக்கையும் அந்த அறைக்குள் விட்டதில்லை. அறிவியலுக்காகத்தான் மறித்தார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

சாரின் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் யார் பெயரும் எந்தப் பட்டாவிலும் இருந்ததில்லை. ஒரு பட்டைக்குத் தன் பெயர் வைக்கப்பட்டது தனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வாசல் வளைவைத் தாண்டும்போது மட்டும் வண்டியின் வேகம் குறையும். பின்னால் ஸ்கூட்டியில் வருகிற எனக்குத் தெரியும்.

அவர் ஓய்வு பெறவிருந்த வருஷம் நிர்வாகம் ஒரு பாராட்டுக் கருத்தரங்கு ஏற்பாடு செய்தது. மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியில். ஏசுபாதம் பட்டையின் இருபது ஆண்டுகள் என்று பேனர் அடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜெனிஃபர் என்னைக் கேளம்பாக்கத்துக்கு வரச் சொன்னாள்.

ஜெனிஃபர், சாரின் கடைசி ஆய்வு மாணவி. பட்டம் வாங்கிக்கொண்டு புதுப்பட்டினம் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சந்திப்பில் இருக்கும் பேக்கரியில் அவள் எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள், வாங்கின பப்ஸைத் தொடவில்லை.

"மேடம், எங்க லேப்ல புது மெஷின் வந்துருக்கு. சாருக்கு சர்ப்ரைஸா குடுக்கலாம்னு நம்ம கலவைய அதுல போட்டுப் பாத்தேன். கருத்தரங்குல காட்டலாம்ல, இன்னும் தெளிவா இருக்குமேன்னு."

"சரி."

"மூணாவது பட்டை வரல மேடம்."

"ஊற வெச்சியா?"

"வெச்சேன். ஒரு ராத்திரி வெச்சேன், ரெண்டு ராத்திரி வெச்சேன், ஒரு வாரமும் வெச்சேன். ரெண்டுதான் வருது."

அவளுடைய முனைவர் பட்டமும் அந்த மூன்றாவது பட்டையின் மேல்தான் நிற்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "சார்கிட்ட எப்படி மேடம் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லாத" என்றேன். எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மனுஷன் சால்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். மூன்றாவது பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேளம்பாக்கத்தில் வீட்டு வாடகை குறையப்போவதில்லை.

அவள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் நேராகப் போய்ச் சாரிடம் சொல்லிவிட்டாள். நல்ல மாணவி, அவரே உருவாக்கியது.

சாருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஜாடி சரியில்லை, மணி சரியில்லை, புது மெஷின்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அடுத்த அறை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினார். பிறகு தன் கையாலேயே கலந்த குப்பிகளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு புதுப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். அங்கேயே ஊற வைத்து, மறுநாள் திரும்பவும் போய் அளந்தார். திரும்பி வந்தபோது என் அறையைத் தாண்டிப் போனார், வணக்கம் சொல்லவில்லை. பட்டை வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஜெனிஃபர் சாரின் அறைக்கே வந்து ஒரு கேள்வி கேட்டாள். நான் அப்போது உள்ளே இருந்தேன், முகக்கவசத்தோடு.

"சார், கிரசால மட்டும் தனியா நம்ம ஜாடியில ஊற வெச்சுப் பாத்திருக்கோமா?"

"தனியாவா? எதுக்கு?"

"சும்மா, ஒரு ஒப்பீட்டுக்கு."

"தனியா கெடக்கறது யாரோட பழகும்மா? தனித் திரவத்த பாட்டில்லேர்ந்து எடுத்து நேரா அளக்கணும். அப்படித்தானே இத்தனை வருஷமும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை வெறும் கிரசாலை ஒரு குப்பியில் ஊற்றி ஜாடிக்குள் வைத்தார். காலையில் நாங்கள் இருவரும் பார்க்க எடுத்து அளந்தார். கிரசாலில் கீட்டோன் கிடையாது, அந்த இடத்தில் அதற்குப் பட்டை வரவே முடியாது. ஆனால் பட்டை திரையில் வந்து நின்றது, அழகாக, இருபது வருஷமாக எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில். கையைப் பிடிக்க ஆளே இல்லாத கிரசால் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருந்தது.

சார் ஜாடியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். பீங்கான் தட்டை எடுத்தார். நீல மணிகளை ஒரு டிரேயில் கொட்டினார். மணிகளோடு சின்ன வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று வந்து விழுந்தது. ஜெனிஃபர் அதைப் பிரித்தாள். உள்ளே பாதி கரைந்த கற்பூரக் கட்டிகள். சார் முகக்கவசத்தைக் கழற்றினார், முதல்முறையாக அந்த அறையில். முகர்ந்து பார்த்தார். அப்புறம் நானும் கழற்றினேன். இத்தனை வருஷமும் கவசம் ஒரு பக்கம், கிரசால் நாற்றம் ஒரு பக்கம், யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் நிறமானால் அவற்றை வறுத்து நீலமாக்கித் திரும்பப் போடுவது இருசப்பன் வேலை. அவர் தவிர வேறு யாரும் அந்த ஜாடியின் அடியைப் பார்ப்பதில்லை. இருசப்பனைக் கூப்பிட்டார்கள்.

இருசப்பன் கொக்கிலமேட்டுக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறார்கள், இவர் மட்டும் காலேஜுக்கு வருகிறார். துணி முடிச்சைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது நீ வெச்சதா?" என்றார் சார்.

"ஆமா சார். கொளுத்தல சார்."

"கொளுத்தலையா?"

"நீங்கதான கொளுத்தக் கூடாதுன்னீங்க, பொகை ஆவாதுன்னு. அதான் சும்மா வெச்சிட்டேன். எல்லா மெஷினுக்கும் பூஜ போட்டுட்டு உங்க ரூமுக்கு மட்டும் ஒண்ணும் பண்ணலன்னா நல்லாவா கீது? படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, அல்லாத்துக்கும் வெக்கிறோம். உங்க மெஷினுக்கு எதுனா ஒண்ணு ஆயிட்சின்னா? அதான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புச்சா முடிஞ்சி உள்ள வெச்சிடுவேன்."

"எந்த வருஷத்துலேர்ந்து?"

"நீங்க வாசல்ல மறிச்சிகினு நின்னீங்களே, அந்த வருசத்துலேர்ந்து."

மறித்த மறுவருஷம்தான் பட்டை வந்தது. சாருக்கு அந்தக் கணக்கைப் போட ஒரு நொடி போதும். ஆயுத பூஜைக்கு அப்புறம் ஓங்கி, கோடைக்கு அப்புறம் தேய்ந்தது எது என்பதும் புரிந்திருக்கும். கீட்டோனான கற்பூரம் ஆவியாகிக் குப்பிக்குள் இறங்கியது. கிரசால் அதன் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது நிஜம், பிடியின் இறுக்கம் நிஜம், சார் அளந்த ஒவ்வோர் எண்ணும் நிஜம். ஆள்தான் வேறு. அன்றைக்கு இருசப்பனைக் கொளுத்த விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் எரிந்து ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அப்புறம் சாரின் முகத்தைப் பார்த்தேன், சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் போனது.

இருசப்பன் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னா மேடம், தப்பாயிட்சா? என் வேலைக்கு இன்னா ஆவும் சார்?"

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார் சார். "நீ போ."

இருசப்பன் போன பிறகு நான் மறுபடியும் என் கட்சியைச் சொன்னேன். இது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். இருசப்பனுக்குத் தெரியும், ஆனால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஜாடியைக் கழுவி வைத்துவிடலாம். சால்வையை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வேறு யாராவது எப்போதாவது கண்டுபிடித்து எழுதட்டும்.

"கண்டுபுடிச்சி எழுதுனா அசிங்கம் மேடம்" என்றார். "நானே சொன்னா அது வெறும் தப்புதான். தப்பு பண்ணலாம்."

"உங்க பேரு போயிடும் சார்."

"ஆமா" என்றார். அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பார்த்தபோதுதான், இனி நான் வாயைத் திறக்கக் கூடாது என்று தோன்றியது. ஜெனிஃபர் அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளிடம், உன் பட்டத்தை ஒன்றும் செய்ய மாட்டார்கள், நீ அளந்தது சரிதான், நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு, அதையும் எழுதிவிடுகிறேன் என்றார்.

மாமல்லபுரத்தில் கருத்தரங்கு நாளன்று கடல் காற்று பேனரைக் கிழித்துவிடுகிற மாதிரி அடித்தது. தாளாளர் வந்திருந்தார், முதல்வர் வந்திருந்தார், தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரி கூட்டிவந்த வெளியூர்ப் பேராசிரியர்கள் முதல் வரிசையில் குளிர்ந்த இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். முகப்பில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினார்கள். நான் சாரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் மேடை ஏறினார். எழுதிக் கொண்டுவந்ததைப் பார்க்காமலே பேசினார். ஏசுபாதம் பட்டை என்று ஒன்று இல்லை என்றார். தன் ஜாடிக்குள் கற்பூரம் இருந்தது என்றார். தனித் திரவத்தை ஊற வைத்துப் பார்க்காதது முதல் வருஷ மாணவனும் செய்யக் கூடாத தவறு என்றார். இருசப்பனின் பெயரைச் சொல்லவில்லை, 'என் அறையில் இருந்த கற்பூரம்' என்று மட்டும் சொன்னார். திரையில் வெறும் கிரசாலின் படத்தையும் போட்டுக் காட்டினார். பேசி முடித்துவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி நின்றார்.

கைதட்டினார்கள். சும்மா இல்லை, எழுந்து நின்று தட்டினார்கள். தலைமை தாங்கிய பேராசிரியர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, பெரியவர்களுடைய அடக்கம் இப்படித்தான் இருக்கும், இளம் விஞ்ஞானிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். முதல்வர், சார் எப்போதும் இப்படித் தமாஷாகப் பேசுவார் என்றார். அவர் தமாஷ் பேசி நான் கேட்டதே இல்லை. "ஐயா, நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்று சார் சொன்னது ஒலிபெருக்கியில் ஏறவில்லை, அதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது. கேடயத்தில் பட்டையைக் கண்டறிந்த பேராசிரியருக்கு என்று பொறித்திருந்தது.

சாப்பாட்டு வேளையில் அவர் தாளாளரைத் தனியாகப் பிடித்தார். வாசல் வளைவில் எழுதியதை அழித்துவிட வேண்டும் என்றார். தாளாளர் வஞ்சிர மீன் வறுவலைப் பிட்டபடி பொறுமையாகக் கேட்டார்.

"கற்பூரம்னு கண்டுபுடிச்சது யாரு சார்?"

"நாங்கதான்."

"நம்ம காலேஜ்லதான?"

"ஆமா, ஆனா..."

"அப்ப அதுவும் நம்ம கண்டுபிடிப்புதான. ரெண்டையும் சேத்து எழுதிடலாம். கமிட்டி வர்ற வருஷம், எதையும் அழிக்க வேணாம்."

சார் தட்டோடு கடல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், எனக்கு அந்தக் கலை வராது. மீன் நன்றாயிருக்கிறது என்றேன். ஆமா என்றார், தொட்டும் பார்க்காமல்.

"இவங்களுக்குப் புரியாது மேடம்" என்றார் கடைசியில். "பத்திரிகைக்கு எழுதறேன். அங்க படிக்கிறவங்க இருக்காங்க."

ஓய்வு பெற்ற பிறகும் அவர் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தார், அந்தத் திருத்தக் கட்டுரைக்காக. வாழ்க்கையில் அவர் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது. படித்துப் பார்க்கக் கொடுத்தார், நான் படித்தேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு சாக்குப்போக்கு இல்லை. கற்பூரத்தைத் தனியாக எடுத்து, எத்தனை அளவில் எத்தனை நேரம் வைத்தால் பட்டை எவ்வளவு உயரும் என்று ஒவ்வொன்றாக அளந்திருந்தார். பருவமழைக் கட்டுரையின் பெயரைக் குறிப்பிட்டு, அதை யாரும் நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்த வரியை எழுதும்போது எழுந்து நடந்திருப்பார், எனக்குத் தெரியும், அவருடைய நடை என் சுவர் வழியாகக் கேட்கும். தன் பெயரைத் தானே வெட்டுகிற வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை. இந்த மனிதரை இத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேனே என்று அன்று மனசு வலித்தது.

முதல் கட்டுரையை வெளியிட்ட அதே பத்திரிகைக்குத்தான் அனுப்பினார். அனுப்பிய பிறகு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பத்திரிகையில் வந்துவிட்டால் ஒளிய இடம் இருக்காது. உலகத்தில் எங்கெங்கோ தன் பட்டையை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் எல்லாம் என்ன சொல்வார்கள், யாருடைய எத்தனை வருஷ உழைப்பு வீணாகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டி எழுதுவார்கள், அதற்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும் என்றார். ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று அவருடைய மனைவி செங்கம்மாள் எனக்குப் போன் செய்து சொன்னார்.

பதில் வந்த அன்று சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆசிரியர் குழு மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். திருத்தம் தேவையா என்பதை முடிவு செய்ய, தங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவை அனைத்தையும் சரிபார்த்தோம். தாங்களும் தங்கள் மாணவர்களும் எழுதியவை நீங்கலாக, இந்தப் பட்டை இதுவரை ஒரே ஒரு கட்டுரையில்தான் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுரையும் பட்டை தென்படவில்லை என்றே சொல்கிறது. ஆகவே, இதனால் எந்த ஆய்வும் பாதிக்கப்படவில்லை என்று கருதுகிறோம். திருத்தத்தை வெளியிடுவது எங்கள் வாசகர்களுக்குப் பயன்படாது.

நான் இரண்டு முறை படித்தேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி என்று ஆசிரியருக்குப் பதில் தட்டச்சு செய்தார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினார். கணினியை அணைத்தார். அப்புறமும் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் திட்டுவாங்கன்னு பயந்துகிட்டிருந்தேன் மேடம்" என்றார். "திட்டறதுக்காவது யாராவது படிச்சிருக்கணும் இல்ல."